‘அதிருப்தியாளர்’ என்று போடலாமா? சீனக் கட்டுரை மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல்

மரநிழல்:

வணக்கம். ஒரு சிறு பதிப்பகத்துக்காகச் சீனக் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். நவீனச் சீன இலக்கியத்தின் முன்னோடி லூ சுன் எழுதியவை இரண்டு, கட்டுரையாளர் வாங் சியாவ்போ ஒன்று, அரசை விமர்சித்த சட்டப் பேராசிரியர் ஷூ ட்சாங்ருன் ஒன்று, அப்புறம் 2020-இல் கொரோனாவால் வூஹான் நகரம் அடைபட்டுக் கிடந்த நாள்களில் வந்த சில. எனக்குச் சீனம் தெரியாது, ஆங்கிலம் வழியாகத்தான் செய்கிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துத் திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது அட்டை. ‘சீன அதிருப்தியாளர்களின் கட்டுரைகள்’ என்று துணைத்தலைப்புப் போடலாம் என்கிறார் பதிப்பாளர். செய்தித்தாள் தமிழில் அதுதான் வழக்கம் என்பது சரி. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு சீட்டுக் கிடைக்காத கோபத்தில் சுயேச்சையாக மனுப்போடக் கிளம்பும் ஒன்றியச் செயலாளர்தான் கண்முன் வருகிறார். எழுதியதற்காகப் பதினோரு வருடம் தண்டனை வாங்கிய லியு சியாவ்போ மாதிரி ஆளை அந்தச் சொல்லுக்குள் எப்படி உட்கார வைப்பது?

இரண்டாவது, லூ சுன் 1926 ஏப்ரலில் எழுதிய அஞ்சலிக் கட்டுரை. மார்ச் 18 அன்று பெய்ஜிங்கில் அப்போதைய ஆட்சியாளர் துவான் சிரூய் அரசின் வாசலுக்கு ஊர்வலம் போனவர்களைக் காவற்படை சுட்டது. 47 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் லியு ஹெட்சென், 22 வயது மாணவி. அவர் படித்த பெண்கள் கல்லூரியில் லூ சுன் பாடம் நடத்தியவர். ஆங்கிலத்தில் கட்டுரை முழுக்க ‘ஷி’ என்று ஓட்டிவிடலாம். நான் ‘அவர்’ என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் 31 இடத்தில் ‘அவள்’ என்று மாற்றி, ஓரத்தில் ‘ஆசிரியர் தன் மாணவியைச் சொல்கிறார், நெருக்கம் வேண்டும்’ என்று பென்சிலில் குறித்திருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

—

கோவை அம்மிணி:

அதிருப்தியாளர் வேண்டாம். சம்பந்தி வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர் மாதிரி இருக்கிறது.

—

ஈப்போக்காரன்:

வணக்கம் அண்ணே. நான் இங்கே மலேசியாவில் ஆரம்பப் பள்ளி ஆறு வருடமும் சீனப் பள்ளியில் படித்தவன். என் வகுப்பில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருந்தோம். இலக்கியம் படித்தவன் இல்லை, ஆனால் லூ சுன்னைச் சீனத்தில் வாசிக்கும் அளவுக்கு வண்டி ஓடும்.

நீங்கள் கேட்ட இரண்டாவதுக்குப் பதில் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. தலைப்பில் அந்தப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் ‘ச்சுன்’ என்று ஒரு எழுத்து வருகிறது. ஆங்கிலத்தில் அதை ‘மிஸ்’ ஆக்கிவிட்டார்கள். அது ‘செல்வி’ இல்லை. ஆண், பெண் யாருக்கும் போடலாம், சமமானவரை மதித்துச் சொல்லும் ஒட்டு. வாத்தியார் மாணவிக்குப் போடுவது வழக்கமே கிடையாது. போட்டது ஏன் என்று லூ சுன்னே சொல்கிறார்: ‘இதுவரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்’ மாணவி இல்லை, சீனாவுக்காகச் செத்த சீனத்து இளைஞர். தான் செலுத்த வேண்டியது துக்கமும் மரியாதையும் என்கிறார். உயிரோடு இருக்கும் வாத்தியார், செத்துப்போன மாணவியின் முன்னால் கூசிப்போய் நிற்கிற கட்டுரை அது.

அப்படி இருக்கையில் ‘அவள்’ போட்டால் அந்தக் கூச்சமே போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு ‘அவர்’ போடுங்கள். ஆங்கிலக்காரனுக்கு வாய்க்காத வசதி இது. நம் மொழியில் இருக்கிறது, அதை ஏன் விடணும்?

முதலாவதுக்கு: சீனத்தில் ‘யிஜியன் ரென்ஷி’ என்பார்கள். வேறு கருத்து உடையவர், அவ்வளவுதான். ‘மாற்றுக்கருத்தாளர்’ என்றால் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ஆனால் உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வது அபூர்வம். ஷூ ட்சாங்ருன் தன்னை ‘ஷூஷெங்’ என்றுதான் சொல்லிக்கொள்வார். ஏட்டுப் படிப்புக்காரன். பாதி பெருமை, பாதி ஏளனம்.

—

வக்கீல் வண்டு:

கூட்டமே அடிக்கிற சொல்லுக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன். நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு எதைத் தண்டித்தது? அரசின் மேல் ‘அதிருப்தி’ ஊட்டுவதை. திலகரையும் காந்தியையும் உள்ளே வைத்தது அந்தச் சொல்தான். அதைக் கல்யாணப் பந்திக்கு இறக்கியது நாம்.

ஆனாலும் அட்டையில் வேண்டாம். காரணம் வேறு. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நோபல் அமைதிப் பரிசு பெற்ற எழுத்தாளர் லியு சியாவ்போ மேல் போட்ட குற்றம் சீனக் குற்றவியல் சட்டம் 105-ஆம் பிரிவு, இரண்டாம் பத்தி. ‘அரசு அதிகாரத்தைக் கவிழ்க்கத் தூண்டுதல்’. இதைத் தமிழில் பலரும் ‘தேசத்துரோகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தேசம் வேறு, அரசு வேறு என்பதுதானே அந்த மனிதர் எழுதியதே! 2009 டிசம்பர் 25 தீர்ப்பில் அவருடைய 6 கட்டுரைகளையும், அரசியல் சீர்திருத்தம் கேட்டுப் பலர் கையெழுத்திட்ட 08 சாசனத்தையும் சாட்சியமாக எடுத்திருந்தார்கள். ஒரு கட்டுரையின் தலைப்பே கட்சி வளர்க்கும் சர்வாதிகாரத் தேசபக்தியைப் பற்றியது. அதை எழுதியவருக்கு நாம் ‘தேசத்துரோகி’ பட்டம் கட்டினால் அரசுத் தரப்பு வக்கீலுக்கே சிரிப்பு வரும்.

—

பழுப்பேடு:

எல்லோரும் சொல் ஆராய்ச்சியில் இருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னியுங்கள்.

ஆங்கிலத்தில் எந்தச் சீனக் கட்டுரை வருகிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அரசை எதிர்த்தால் புத்தகம், நோபல், முன்னுரை எல்லாம். அரசை எதிர்க்காமல், ஆனால் கூர்மையாகச் சமூகத்தைப் பற்றி எழுதும் எத்தனையோ பேர் அந்தப் பக்கமே கிடக்கிறார்கள். ஆங்கிலச் சல்லடையில் தங்கியதை மட்டும் எடுத்துத் தமிழில் வைத்து ‘இதுதான் சீனச் சிந்தனை’ என்றால் எப்படி?

லியு சியாவ்போவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் ஹாங்காங் இதழ் ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், சீனா மாற 300 ஆண்டு காலனி ஆட்சி வேண்டும் என்ற ரீதியில் பேசியவர். ஈராக் போரை ஆதரித்து எழுதியவர். காலனியை அனுபவித்த மண்ணிலிருந்து அதை வாசிக்கும் நமக்கு அது உறுத்த வேண்டாமா? வழக்கின்போது அவர் எழுதிய ‘எனக்கு எதிரிகள் இல்லை’ மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறைத்தால் அது மொழிபெயர்ப்பா, பூஜையா?

அப்புறம், மூன்றாம் கை மொழிபெயர்ப்பு. இதை நான் எப்போதும் எதிர்ப்பவன்.

—

மரநிழல்:

ஐயா, கசப்பு இருக்கட்டும், சொன்னது சரிதான். தொகுப்பில் லியு இல்லை. இருந்திருந்தால் அந்தப் பேட்டியையும் சேர்த்துத்தான் போட்டிருப்பேன். ஆனால் ஒன்று: ஈராக் போரை ஆதரித்து எழுதியதற்காக யாரும் அவரை உள்ளே போடவில்லை. 2017 ஜூலையில் ஷென்யாங் மருத்துவமனையில் ஈரல் புற்றுநோயோடு காவலில் செத்ததற்கும் அந்தப் பேட்டி காரணமில்லை. அவர் சொன்னது எனக்கு உடன்பாடா என்பது ஒரு பேச்சு, அவரைச் சொல்ல விட்டார்களா என்பது இன்னொரு பேச்சு.

மூன்றாம் கை பற்றி: லூ சுன்னே அப்படிச் செய்தவர்தானே? கோகோலின் ‘செத்த ஆன்மாக்க’ளை ருஷ்ய மொழி தெரியாமல் ஜெர்மன் வழியாகச் சீனத்துக்குக் கொண்டு போனார். அவர் மொழிபெயர்ப்பு முரடு. விமர்சகர் லியாங் ஷிச்சியு அதைச் ‘செத்த மொழிபெயர்ப்பு’ என்று கிண்டல் செய்தார். லூ சுன் அசரவில்லை. வழவழப்பாக இருந்து தப்பாவதைவிட, உண்மையாக இருந்து கரடுமுரடாவது மேல் என்றார். ஆனால் பாருங்கள், அவர் சொல்லும் கரடுமுரடும் எனக்குக் கைக்கு வராது. ஆங்கிலக்காரர் ஏற்கெனவே இழைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்த பலகைதான் என் கையில் இருக்கிறது.

—

கண்டிச்சீமை:

தலாத்துஓயா கே. கணேஷ் ஐயாவை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். லூ சுன் சிறுகதைகளைத் தமிழில் தந்தவர், ஹோ சி மின்னின் சிறைக் கவிதைகளையும் கொண்டுவந்தவர். அவரும் ஆங்கிலம் வழிதான். நாங்கள் பலர் லூ சுன்னை வாசித்ததே அவரால். நேர்மொழிபெயர்ப்பு வரும்வரைக்கும் வாசகன் பட்டினி கிடக்க வேணும் என்று சொல்லுவது ஞாயமில்லை. அந்தப் பக்கம் பயணி என்ற மொழிபெயர்ப்பாளர் சீனத்திலிருந்தே நேராக, அவர்களுடைய பழம்பாடல் தொகுப்பான கவித்தொகையைத் தமிழில் செய்து காட்டியிருக்கிறார். இரண்டும் இருக்கட்டும்.

ஒரு கேள்வி. லூ சுன் அடிக்கடி சொல்லும் அந்தக் கூட்டம், தலை வெட்டுவதைச் சுற்றி நின்று பார்க்கும் கூட்டம், அதை என்ன சொல்லால் எழுதுகிறீர்கள்?

—

மரநிழல்:

‘பார்வையாளர்கள்’.

—

கண்டிச்சீமை:

அட கடவுளே. பார்வையாளர் நாடகத்துக்குப் போவார். இவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள்!

—

ஈப்போக்காரன்:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. ‘வேடிக்கை பார்ப்பது’ என்ற தமிழ்ச் சொல் லூ சுன்னுக்காகவே செய்து வைத்தது மாதிரி இருக்கிறது. அவர் மருத்துவப் படிப்பை விட்ட கதை தெரியும்தானே? 1906, ஜப்பானில் செண்டாய் ஊர். வகுப்பில் படச்சில்லு காட்டுகிறார்கள். ருஷ்ய–ஜப்பான் போரில் உளவாளி என்று பிடிபட்ட ஒரு சீனனின் தலையை வெட்டப் போகிறார்கள். சுற்றிலும் நல்ல திடகாத்திரமான சீனர்கள், முகத்தில் ஒன்றுமே இல்லாமல், வேடிக்கை பார்க்கிறார்கள். உடம்புக்கு வைத்தியம் பார்த்து என்ன பயன் என்று அன்றைக்குத் தோன்றியதாக எழுதுகிறார். உலகத்தில் பாதி மொழிக்காரர்கள் அந்தச் சொல்லுக்கு முட்டி மோதுகிறார்கள். நமக்கு நம் தெருவிலேயே கிடக்கிறது.

ஆனால் பிரச்சினை இங்கேதான் ஆரம்பம். அதே ‘சுற்றி நின்று பார்ப்பது’, சீனத்தில் ‘வெய்குவான்’, 2010 வாக்கில் இணையத்தில் நல்ல சொல்லாகிவிட்டது. ஒரு ஊரில் வீட்டை இடிக்கிறார்களா, ஒரு வழக்கறிஞரைத் தூக்கிவிட்டார்களா, ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கத்துக்குப் போய் நின்று பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று காட்டுவது. ‘கவனிப்பதே பலம், சுற்றி நின்று பார்ப்பது சீனாவை மாற்றும்’ என்று அந்த வருடத் தொடக்கத்தில் குவாங்சோ வார இதழில் கட்டுரையே வந்தது. லூ சுன் எதைத் திட்டினாரோ அதே சொல்லை எடுத்து அடுத்த நூற்றாண்டுக்காரன் கொடியாகப் பிடிக்கிறான். ‘வேடிக்கை பார்ப்போம், சீனாவை மாற்றுவோம்’ என்று எழுதினால் தமிழில் நக்கல் ஆகிவிடும்.

கஷ்டமான சொல் நம்மை ஏமாற்றாது என்பது என் அனுபவம். அதற்குப் பக்கத்தில் அகராதியோடு உட்காருவோம். ‘ஓ, இது நம்ம ஊர்லயும் இருக்கே’ என்று கைநீட்டி வரவேற்கிற சொல்தான் காலை வாருகிறது. இன்னும் சில:

டீ குடிப்பது. ‘நேற்று டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்’ என்று ஒரு சீன எழுத்தாளர் போட்டால், உள்நாட்டுப் பாதுகாப்புப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது என்று அர்த்தம். தமிழில் அப்படியே போட்டால் யாரோ உபசரித்தார்கள் என்று வாசகர் சந்தோஷப்படுவார்.

சுவர் ஏறிக் குதிப்பது. அரசின் இணையத் தடுப்பைத் தாண்டி வெளித்தளங்களைப் பார்ப்பது. தமிழில் சுவர் ஏறிக் குதிப்பவன் ஒன்று திருடன், இல்லை பக்கத்து வீட்டில் வேறு வேலை உள்ளவன்.

‘கொங்மின்’, அதாவது குடிமக்கள். சட்ட அறிஞர் ஷூ ஜியோங் தொடங்கியது புதிய குடிமக்கள் இயக்கம். சீனத்தில் ‘மக்கள்’ (ரென்மின்) அரசுக்குச் சொந்தமான சொல். மக்கள் விடுதலைப் படை, மக்கள் வங்கி, மக்கள் நாளிதழ். ‘குடிமக்கள்’ என்று சொல்லும்போது உரிமை உள்ள தனி ஆள் வந்துவிடுகிறான். அதற்காகத்தான் அந்தச் சொல்லைப் பிடித்தார்கள். அவருக்கு 2023 ஏப்ரலில் 14 வருடம் போட்டார்கள். தமிழில் ‘குடிமகன்’ என்று எழுதினால் டாஸ்மாக் ஜோக் வந்து நிற்கிறது. அதனால் எப்போதும் பன்மையில் வையுங்கள், இல்லையென்றால் ‘குடிமை’ என்று சுற்றுங்கள்.

சரி, பசியாறிவிட்டு வருகிறேன். ‘பெய்’ பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

—

கோவை அம்மிணி:

பசியாறிட்டு சீக்கிரம் வாங்க தம்பி. இங்கே ஆபீஸ் வேலை நின்னுபோச்சு.

—

வக்கீல் வண்டு:

தம்பி வருவதற்குள் ஒரு கதை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு.

இது தைவான், சியாங் கை ஷேக் காலம். போ யாங் என்ற எழுத்தாளர் ‘பாப்பாய்’ படக்கதையைச் சீனத்தில் பெயர்த்து நாளிதழில் போட்டுக்கொண்டிருந்தார். கீரை சாப்பிட்டுக் குத்துவிடுவாரே, அந்த மாலுமிதான். ஒரு கதையில் அப்பனும் மகனும் ஒரு தீவை வாங்கி, இரண்டே பேர் இருக்கும் அந்தத் தீவில் அதிபர் தேர்தலில் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபெல்லோஸ்’ என்று ஒரு விளிப்பு. போ யாங் அதை ‘நாடெங்கும் உள்ள படைவீரர்களே, குடிமக்களே, உடன்பிறப்புகளே’ என்று போட்டார். அது சியாங் கை ஷேக் தன் உரைகளைத் தொடங்கும் வாசகம். 1968-இல் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே வர ஒன்பது வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த மனிதர் பின்னால் சீனப் பண்பாட்டையே ஒரு ‘சோயா விழுதுத் தொட்டி’ என்று எழுதினார். எல்லாம் உள்ளே ஊறி, தேங்கி, நாறி, புதிதாக எது விழுந்தாலும் அதுவும் நாறிவிடும் தொட்டி. நான் ஒரு தடவை அதை ‘ஊறுகாய்ப் பானை’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர் முகத்தில் எச்சில் ஊறியது. திட்டு போய்ச் சேரவே இல்லை.

—

பழுப்பேடு:

‘சாக்கடைத் தேக்கம்’?

—

கண்டிச்சீமை:

சாக்கடையை யாரும் சாப்பிடுவதில்லை ஐயா. அவன் சொல்லுவது வீட்டில் வைத்துத் தினமும் சாப்பிடும் பொருளை. ருசியும் நாற்றமும் ஒன்றாக இருக்க வேணும். கருவாட்டுச் சாடி?

—

வக்கீல் வண்டு:

கருவாட்டைத் திட்டினால் இங்கே எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

—

ஈப்போக்காரன்:

வந்துவிட்டேன். ‘பெய்’.

சீனத்தில் செயப்பாட்டு வினைக்கு முன்னால் போடும் எழுத்து அது. ‘அடிக்கப்பட்டான்’ என்பதில் வரும் ‘பட்டான்’ மாதிரி. 2009-இல் இதை வைத்து ஊரே விளையாடியது, அந்த வருடத்தின் எழுத்தாகவே அது தேர்வானது. படித்து முடித்த மாணவர்கள் வேலை இல்லாமல் அலைகிறார்கள், கல்லூரிக் கணக்கில் மட்டும் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று இருக்கிறது. அவர்கள் ‘வேலை பெறுவது’ என்ற வினையோடு ‘பெய்’ சேர்த்து ‘பெய் ஜியூயே’ என்றார்கள். காவலில் இருந்தவர் தற்கொலை செய்துகொண்டார் என்று அறிவிப்பு வந்தால், ‘பெய் ட்ஸிஷா’. செயப்பாட்டுக்கு வராத வினையை இழுத்து வந்து செயப்பாட்டில் மாட்டுவது. இலக்கணப் பிழைதான் அங்கே அரசியல்.

ஆங்கிலத்தில் இதற்குத் திணறி, பாதிப் பேர் ‘கொல்லப்பட்டார் என்று சந்தேகம்’ என்று நேராக விளக்கிவிடுகிறார்கள். அண்ணன் அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் போட்டால் நகைச்சுவையும் போச்சு, எழுதியவனின் கவசமும் போச்சு. அவன் ‘கொன்றார்கள்’ என்று சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதால்தான் அந்த வரி ஒரு நாளாவது உயிரோடு இருந்தது. கோணலாக எழுதியது அழகுக்கு இல்லை, பிழைப்பதற்கு. நாம் அதை நிமிர்த்தக் கூடாது.

தமிழில் எப்படி? எனக்குத் தோன்றியது: ‘தற்கொலை செய்துகொள்ளப்பட்டார்’. ‘செய்துகொள்’ என்றால் தனக்குத் தானே. ‘பட்டார்’ என்றால் அடுத்தவன். இரண்டும் ஒரே வினையில் மோதுகின்றன. சீனத்தில் கேட்கும் அதே கடகட சத்தம்.

—

கோவை அம்மிணி:

‘வேலை கிடைக்கப்பட்டேன்’!! அருமை. எங்கள் ஆபீசில் போன மாதம் ஒரு கட்டாயப் பயிற்சியில் நாங்கள் எல்லோரும் ‘மகிழப்பட்டோம்’.

—

மரநிழல்:

ஈப்போத் தம்பிக்கு ஒரு மாலை. இப்படி ஒரு வரிக்காகத்தான் இழையைத் திறந்தேன்.

அப்படியானால் இன்னொன்று. மருத்துவர் ஆய் ஃபென்னின் பேட்டி. அப்போது வூஹான் மத்திய மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைத் தலைவர். 2019 டிசம்பர் கடைசியில் ஒரு பரிசோதனை அறிக்கையில் சார்ஸ் என்ற சொல்லைச் சுற்றி வட்டமிட்டு நண்பருக்கு அனுப்பியவர், அதற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். 2020 மார்ச் 10 அன்று பேட்டி வெளிவந்த உடனேயே நீக்கினார்கள். மக்கள் விடவில்லை. எமோஜியில் போட்டார்கள், மோர்ஸ் குறியில் போட்டார்கள், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குத் தலைகீழாகப் போட்டார்கள், மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய எலும்பு எழுத்தில்கூடப் போட்டார்கள். ஒரே ஊருக்குள், ஒரே மொழிக்குள், ஒரு கட்டுரை இத்தனை தடவை மொழிபெயர்ந்து நான் கேள்விப்பட்டதில்லை.

அதில் ஒரு வரி. இப்படி ஆகும் என்று அப்போதே தெரிந்திருந்தால், திட்டுவார்களா மாட்டார்களா என்று பார்த்திருக்க மாட்டேன், எல்லா இடத்திலும் சொல்லியிருப்பேன் என்கிறார். ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். மூலத்தில் என்ன?

—

ஈப்போக்காரன்:

‘லாவ்ட்ஸு தாவ்ச்சு ஷுவோ’. ‘லாவ்ட்ஸு’ என்றால் அப்பன். பேசுகிறவன் தன்னையே ‘உன் அப்பன்’ என்று சொல்லிக்கொள்வது. கெட்ட வார்த்தை இல்லை, திமிர். ஆம்பளைப் பேச்சு. அதை ஒரு பெண் மருத்துவர், பத்திரிகைப் பேட்டியில், பேசுகிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே சீனா முழுக்க அவரைக் கும்பிட்டது.

—

பழுப்பேடு:

‘உங்கப்பன்டா நான்’ என்று போட முடியாது, சினிமா வசனம் ஆகிவிடும்.

—

மரநிழல்:

நான் போட்டிருந்தது: ‘எல்லாரிடமும் சொல்லித் தொலைத்திருப்பேன்’. இப்போது பார்த்தால் அழுகை மாதிரி இருக்கிறது.

—

கோவை அம்மிணி:

‘தொலைத்திருப்பேன்’ என்றால் சலிப்பு. அந்தம்மா சலித்துக்கொள்ளவில்லையே, மல்லுக்கு நிற்கிறார். எங்கள் அம்மாயி இருந்தால் ‘எந்தக் கொம்பன் வந்தாலும் சரி, போற பக்கமெல்லாம் சொல்லியிருப்பேன்’ என்பார்.

—

ஈப்போக்காரன்:

எந்தக் கொம்பன்! அதுதான். அண்ணே, இதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பன் போனாலும் கொம்பு மிஞ்சியது.

—

பழுப்பேடு:

இதில் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வூஹான் எழுத்தாளர் ஃபாங் ஃபாங் கதை எல்லோருக்கும் நினைவிருக்கிறதா? 2020 ஜனவரி 25-இலிருந்து 60 நாள் வூஹானிலிருந்து நாட்குறிப்பு எழுதினார். ‘காலத்தின் ஒரு தூசு தனிமனிதன் தலையில் விழும்போது மலை’ என்று எழுதியவர். அன்றைக்கு லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்து வாசித்தார்கள். ஏப்ரலில் ஆங்கிலப் பதிப்புக்கு முன்பதிவு தொடங்கியது. துணைத்தலைப்பில் ‘நோயின் ஆதி மையத்திலிருந்து’ என்ற ரீதியில் ஒரு வாசகம். அவ்வளவுதான். மேற்குக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிறாள் என்று அதே இணையத்தில் பாய்ந்தார்கள். மொழிபெயர்த்த மைக்கேல் பெர்ரிக்கு அமெரிக்காவில் கொலை மிரட்டல். பிறகு ‘அடைபட்ட நகரத்திலிருந்து’ என்று மாற்றினார்கள். ஆனால் ஃபாங் ஃபாங் வூஹானில்தான் இருந்தார், அங்கேதான் அடி வாங்கினார்.

அவர் தன் நகரத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்டு எழுதியதை, ஒரு பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவு ஒரே வரியில் சீனாவின் மேல் குற்றப்பத்திரிகையாக்கியது. நாம் கோவையிலும் கண்டியிலும் உட்கார்ந்து தைரியமாக அட்டை போடலாம். விலை கொடுப்பவர் வேறு இடத்தில் இருக்கிறார்.

—

மரநிழல்:

ஐயா, இது நேராக நெஞ்சில் விழுந்தது. இன்று காலை பதிப்பாளரிடம் பேசினேன். துணைத்தலைப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ‘அப்படியென்றால் எப்படி விற்பது?’ என்றார். வாங் சியாவ்போவின் பன்றியை அட்டையில் போடச் சொன்னேன். கேட்காதவர்களுக்கு: யுன்னானில் கலாசாரப் புரட்சிக் காலத்தில் அவர் மேய்த்த பன்றி. யாருக்கும் அடங்காது, கூரைமேல் ஏறும். சர்க்கரை ஆலைச் சங்கு மாதிரி ஊளையிடக் கற்றுக்கொண்டது. தினம் காலை பத்து மணிக்கு அது ஊத, வயலில் இருந்தவர்கள் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவார்கள், நிஜச் சங்குக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். கூட்டம் போட்டு அதை நாசவேலைக்காரன் என்று அறிவித்து, துப்பாக்கியோடு சுற்றி வளைத்தார்கள். தப்பி ஓடிக் காட்டில் கொம்புப்பல் வளர்த்துக்கொண்டது. பதிப்பாளர் சிரித்தார். பன்றிக்கு ஒத்துக்கொண்டார்.

—

கண்டிச்சீமை:

பன்றியும் கொம்பன்தான்.

லீ வென்லியாங்கின் கடிதத்தைச் சேர்க்கிறீர்களா? போலீசு கையெழுத்து வாங்கியது.

—

மரநிழல்:

அது கட்டுரை இல்லை, ஆனால் சேர்க்கிறேன். 2020 ஜனவரி 3. புதிய நோய் பற்றி நண்பர்களை எச்சரித்த கண் மருத்துவர். அப்படிப் பேசுவதை நிறுத்தச் சொல்லி அச்சடித்த எச்சரிக்கைக் கடிதம். ‘உம்மால் இதைச் செய்ய முடியுமா?’ என்று ஒரு கேள்வி, கீழே அவர் கையால் ஒரு எழுத்து. ‘உமக்குப் புரிந்ததா?’ என்று இன்னொன்று, கீழே இரண்டு எழுத்து. இரண்டின் மேலும் கைரேகை. பிப்ரவரி 7 அன்று அவர் இறந்த பிறகு மக்கள் முகக்கவசத்தில் அதையே மறுத்து எழுதிப் படம் போட்டார்கள்.

‘முடியும்.’ ‘புரிந்தது.’ இவ்வளவுதான் தமிழில். மறுப்பை எழுதும்போதுதான் கவனித்தேன். சீனத்தில் ‘பு நெங்’. தம்பி, அது ‘இயலவில்லை’தானே?

—

ஈப்போக்காரன்:

ஆமாம் அண்ணே, ‘இயலாது’ என்றுதான் நேர்ப்பொருள். கடிதத்தில் இருந்த ‘நெங்’குக்குப் பதிலடி என்பதால் அங்கே காரம் வருகிறது.

—

மரநிழல்:

தமிழில் ‘முடியாது’ என்று எழுதினேன். நம் பிள்ளைகள் காலைத் தரையில் உதைத்துக்கொண்டு சொல்வார்களே, அந்த முடியாது. இயலாது என்பதும் மாட்டேன் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை.

‘முடியாது. புரியவில்லை.’ அடிக்குறிப்பு எதுவும் போடவில்லை.

—

கண்டிச்சீமை:

எங்கட ஊரில் ‘விளங்கேல்லை’. ஆனால் உங்களுடையது இருக்கட்டும்.

—

மரநிழல்:

கடைசித் தகவல். இன்று மாலை இரண்டாம் மெய்ப்பு வந்தது. லியு ஹெட்சென்னுக்கு 31 இடத்திலும் ‘அவர்’ திரும்ப வந்துவிட்டது. ஓரத்தில் ‘படித்தேன், சரி’ என்று எழுதியிருக்கிறார். ‘வேடிக்கை பார்த்தார்கள்’ பக்கத்தில் டிக். ‘எந்தக் கொம்பன்’ கீழே கோடு, கேள்விக்குறி இல்லை.

‘தற்கொலை செய்துகொள்ளப்பட்டார்’ என்பதை மட்டும் ‘தற்கொலை செய்துகொண்டார்’ என்று திருத்தி, ‘தட்டச்சுப் பிழை’ என்று குறித்திருக்கிறார். காலையில் போன் போடணும்.